இதயம் திறந்த கதை – 17: பொட்டாசியத்தின் வனவாசம்

சென்ற வாரம் 1953ஆம் ஆண்டு மே 6ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரம், 18 வயதுப் பெண் ஒருத்தியின் உடலுக்கு 26 நிமிடங்கள் முழுப்பொறுப்பேற்றது. அந்த நேரத்துக்குள் கிப்பன் அவளுடைய இதயத்தின் மேலறைகளுக்கு இடையில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். மூளைக்கு ரத்தம் போனது, சிறுநீரகத்துக்குப் போனது, கல்லீரலுக்கும் போனது. இதயத்தைத் திறந்து வேலை பார்க்க இனி என்ன தடை என்று உலகம் நினைத்தது.

தடை இருந்தது. எல்லா உறுப்புகளுக்கும் மாற்று ஏற்பாடு செய்துவிட்ட அந்த இயந்திரம், இதயத்துக்கு மட்டும் அதைச் செய்யவில்லை.

இதயத் தசை தன் அறைகளுக்குள் ஓடும் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு வாழ்வதில்லை. மகாதமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே இரண்டு கிளைகள் பிரிகின்றன. அவைதான் கொரோனரித் தமனிகள். இதயத்துக்குச் சாப்பாடு அவற்றின் வழியாகத்தான். அறுவை சிகிச்சைக்கோ ரத்தமில்லாத, அசையாத களம் வேண்டும். அதற்கு மகாதமனியைக் குறுக்கே கிளாம்ப் போட்டு அடைக்க வேண்டும். அடைத்த அந்த நொடியே கொரோனரித் தமனிகளும் வறண்டுவிடும். அடைக்காவிட்டால் ரத்தம் பெருகி எதுவும் தெரியாது. இதயம் துடித்துக்கொண்டே இருக்கும். அடைத்தால் இதயமே பட்டினி. எவ்வளவு நேரம் தாங்கும்? உடம்பின் சாதாரண வெப்பநிலையில், கால்மணி நேரத்தைத் தாண்டினாலே அறுவை மருத்துவர்களுக்குக் கவலை தொடங்கிவிடும்.

இந்தக் கவலைக்கு 1955இல் லண்டனில் ஒருவர் விடை சொன்னார். விடை சரியானதுதான். ஆனால் உலகம் அதைத் தூக்கி எறிந்தது. ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அது மீண்டும் அரங்குக்குத் திரும்பியது. அந்த வனவாசத்தின் கதைதான் இந்த அத்தியாயம்.

குழாய்த் தண்ணீரில் கிடைத்த துப்பு

விடையின் வேர் 1880களில் இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கலந்த கரைசல் என்று நம்பித்தான் 1882இல் முதல் கட்டுரையை எழுதினார். பிறகுதான் உண்மை தெரிந்தது. ஆய்வக உதவியாளர் பயன்படுத்தியது லண்டன் நகரக் குழாய்த் தண்ணீர். உண்மையாகவே காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியபோது தவளையின் இதயம் சீக்கிரமே அடங்கிவிட்டது. குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தைச் சுருங்க வைத்துக்கொண்டிருந்தது. 1883இல் ரிங்கர் அதை வெளிப்படையாகத் திருத்தி எழுதினார். அதே ஆய்வுகளில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: பொட்டாசியம் அளவுக்கு மேல் போனால் இதயம் துடிப்பை நிறுத்திவிடுகிறது. அதுவும் இறுகிப்போய் நிற்பதில்லை, தளர்ந்த நிலையில் நிற்கிறது.

இதற்குக் காரணம் செல்லின் சவ்வில் இருக்கிறது. இதயத் தசை செல்லுக்குள்ளே பொட்டாசியம் மிக அதிகம். வெளியே, ரத்தத்தில், லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில்தான் இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுதான் செல்லுக்கு மின்னழுத்தத்தைத் தருகிறது. வெளியே பொட்டாசியம் ஏறினால் அந்த மின்னழுத்தம் சரிந்துவிடும். சோடியம் உள்ளே பாய்வதற்கான வாயில்கள் பூட்டிக்கொள்ளும். அடுத்த மின்துடிப்பு எழாது. கட்டளை வராததால் தசையும் சுருங்காது.

ஹாமர்ஸ்மித்தின் பொறியாளர்-மருத்துவர்

டெனிஸ் மெல்ரோஸ், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்தவர். இயந்திரங்களில் கைதேர்ந்தவர், பிரிட்டனின் ஆரம்பகால இதய-நுரையீரல் இயந்திரங்களில் ஒன்று அவர் வடிவமைத்தது. இயந்திரம் கைவசம் வந்ததும், துடிக்கும் இதயத்தில் தையல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குப் புரிந்தது. தன் சகாக்களுடன் 1955இல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மகாதமனியை அடைத்துவிட்டு, அதன் அடிப்பகுதியில் பொட்டாசியம் சிட்ரேட் கலந்த ரத்தத்தைச் செலுத்துங்கள், அது கொரோனரித் தமனிகளுக்குள் போகும், இதயம் நின்றுவிடும். வேலை முடிந்ததும் அடைப்பை எடுத்தால், வரும் ரத்தம் பொட்டாசியத்தைக் கழுவிவிடும். இதயம் மறுபடி துடிக்கும். இவ்வளவுதான் செய்முறை. விபத்தாக நிற்பது வேறு, மருத்துவர் விரும்பும் நேரத்தில் விரும்பியபடி நிறுத்துவது வேறு. மெல்ரோஸ் முன்வைத்தது இரண்டாவதை.

அடுத்த ஆண்டே இந்த முறை அட்லாண்டிக்கைத் தாண்டியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் டொனால்ட் எஃப்ளர் 1956இல் மனிதர்களிடம் இதைப் பயன்படுத்தி, மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்தக் குழுவில் இருந்த இன்னும் இரண்டு பெயர்களை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். ஒருவர் செயற்கைச் சிறுநீரகத்தைக் கண்ட வில்லெம் கோல்ஃப். மற்றவர் மேசன் சோன்ஸ். இரண்டே ஆண்டுகளில் கொரோனரித் தமனிகளுக்குள் சாயம் செலுத்திப் படம்பிடிக்கும் ஆஞ்சியோகிராமை உலகுக்குக் கொடுத்தவர். அசையாத இதயம், ரத்தமில்லாத களம்! அறுவை மருத்துவர்கள் கொண்டாடினார்கள்.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. சில நோயாளிகளின் இதயம் அறுவைக்குப் பிறகு சரியாகத் துடிக்கவில்லை. இறந்தவர்களின் இதயத் தசையை நுண்ணோக்கியில் பார்த்தபோது ஆங்காங்கே திட்டுத் திட்டாகச் செத்துப்போன பகுதிகள் தென்பட்டன. நாய்களில் செய்த சோதனைகளும் அதையே சொல்லின. 1959இல் ஹெல்ம்ஸ்வொர்த் குழுவினர், பொட்டாசியம் சிட்ரேட் இதயத் தசையைச் சேதப்படுத்துகிறது என்று எழுதினார்கள். அடுத்தடுத்து மற்றவர்களும் எழுதினார்கள். 1960 வாக்கில் பொட்டாசியத்தைப் பெரும்பாலான அரங்குகள் கைவிட்டிருந்தன.

என்ன தவறு? இன்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. மெல்ரோஸின் கலவையில் பொட்டாசியம் லிட்டருக்கு 200 மில்லிமோலுக்கும் மேல். ரத்தத்தில் இயல்பாக இருப்பதைப் போல் ஐம்பது மடங்கு. அதோடு சிட்ரேட், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். இதயத்தை நிறுத்த இவ்வளவு தேவையே இல்லை. ஆனால் அன்று யாரும் ‘அளவைக் குறைத்துப் பார்ப்போமா?’ என்று உடனே கேட்கவில்லை. பொட்டாசியமே விஷம் என்ற தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

மருந்தில்லாத ஆண்டுகள்

பொட்டாசியம் போனதும், ஆளுக்கொரு வழியைப் பிடித்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே, ஐஸ் போலக் குளிர்ந்த உப்பு நீரை இதயத்தைச் சுற்றி ஊற்றி அதைக் குளிர வைத்தார். சிலர் மெல்லிய குழாய்களைக் கொரோனரித் தமனிகளின் வாயில் நுழைத்து, அறுவை நடக்கும்போதே ரத்தம் செலுத்தினார்கள். சிலர் இதயத்தை மின்சாரத்தால் நடுங்க விட்டு, சில நிமிடம் அடைத்து, சில நிமிடம் திறந்து, இடைவெளிவிட்டு வேலை பார்த்தார்கள். இன்னும் சிலர் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், சாதாரண வெப்பத்திலேயே அடைத்துவிட்டு, கையின் வேகத்தை மட்டும் நம்பினார்கள்.

இந்தச் சூழலில்தான் பைபாஸ் வேரூன்றியது. 1967 மே 9 அன்று அதே கிளீவ்லாந்து கிளினிக்கில், எஃப்ளரின் துறையில் பணியாற்றிய அர்ஜெண்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ, 51 வயதுப் பெண் ஒருவரின் காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு அடைபட்ட வலது கொரோனரித் தமனிக்கு மாற்றுப்பாதை அமைத்தார். சில ஆண்டுகளிலேயே பைபாஸ் உலகமெங்கும் பரவியது. அதோடு ஒரு புதிய சிக்கலும் பெரிதானது. பிறவி ஓட்டையைத் தைக்க வந்த குழந்தையின் இதயத் தசை பெரும்பாலும் நல்ல தசை. பைபாஸுக்கு வருபவரின் இதயமோ ஏற்கெனவே ரத்தம் போதாமல் தவித்துக்கொண்டிருப்பது. அதற்கு மேலும் ஒரு பட்டினியை வைத்தால்?

அறுவை கச்சிதமாக முடியும். தையல்கள் பிரமாதம். மாற்றுப்பாதையில் ரத்தம் பாய்கிறது. ஆனால் இயந்திரத்தை நிறுத்தினால் இதயம் எழுந்து நிற்காது. இறந்தவர்களின் இடது கீழறையில், உட்பூச்சுக்கு அடுத்த தசைப் படலம் கருத்துச் செத்திருந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஜெரால்டு பக்பர்க் இதைத் துருவினார். நடுங்கிக்கொண்டிருக்கும் இதயத்தில், உட்புறத் தசைக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராமல் போகலாம் என்பதை 1970களின் தொடக்கத்தில் அவரது குழு காட்டியது. ஓய்வெடுப்பதுபோல் தோன்றிய அந்த நடுக்கம், துடிப்பதைவிட அதிக ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தது.

1972இல் ஹூஸ்டனிலிருந்து டென்டன் கூலி ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண வெப்பத்தில் அடைத்து வேலை பார்த்த சில இதயங்கள், அடைப்பை எடுத்ததும் இறுகிக் கல்லாகிவிட்டன. தொட்டால் கெட்டியாக இருந்தன; அழுத்தினால் அமுங்கவில்லை; உள்ளே ரத்தம் புகவில்லை. எந்த மருந்துக்கும் மசியவில்லை. வால்வு நோயால் தடித்துப்போன இதயங்களில்தான் இது அதிகம் நேர்ந்தது. ‘கல் இதயம்’ என்றே கூலி பெயர் வைத்தார். காரணம் எரிபொருள். சுருங்குவதற்கு மட்டுமல்ல, சுருங்கிய தசை விரிவதற்கும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். அது தீர்ந்தால் தசையிழைகள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விடாது. பிணம் விறைப்பதும் இதே கணக்கில்தான்.

வேகமான கையும், ஐஸும், குழாய்களும் போதவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

திரும்பி வந்த உப்பு

ஜெர்மனியில் ஒருவர் மட்டும் ரசாயன வழியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஹான்ஸ்-யூர்கன் பிரெட்ஷ்னைடர், 1964லேயே, வெளியே சோடியத்தைக் குறைத்து, புரோக்கேன் சேர்த்து இதயத்தை நிறுத்தும் கரைசலை முன்வைத்தார். சோடியமே இல்லாவிட்டால் மின்துடிப்பு எப்படி எழும்? பிற்காலத்தில் ஹிஸ்டிடின் சேர்த்து மேம்பட்ட அவரது கரைசல், ‘கஸ்டோடியோல்’ என்ற பெயரில் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1973இல் கே, எபர்ட் என்ற இருவர் பழைய வழக்கைத் திறந்தார்கள். பொட்டாசியத்தை லிட்டருக்கு 25 மில்லிமோல் அளவுக்குக் குறைத்து நாய்களின் இதயத்தை ஒரு மணி நேரம் நிறுத்திப் பார்த்தார்கள். இதயங்கள் நல்லபடியாகத் திரும்பின. அடுத்து டயர்ஸ் என்பவரின் குழு, மெல்ரோஸின் கலவையில் குற்றவாளி பொட்டாசியம் அல்ல, அதன் மிதமிஞ்சிய செறிவும் சிட்ரேட்டும்தான் என்று பிரித்துக் காட்டியது.

ஆனால் இதை ஒரு முறையான அறிவியலாக மாற்றியவர் அறுவை மருத்துவரே அல்ல. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் ஹியர்ஸ் ஓர் உயிர்வேதியியலாளர். எலியின் இதயத்தைத் தனியே எடுத்து, ஒவ்வோர் உப்பையும் ஒவ்வோர் அளவில் செலுத்தி, நிறுத்தி, மறுபடி துடிக்க வைத்து, எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்தார். அவர் மூன்று தூண்களை நிறுத்தினார். முதலாவது, இதயத்தை ரசாயனத்தால் உடனடியாக நிறுத்தி எரிபொருளைச் சேமிப்பது. இரண்டாவது, குளிரூட்டி மீதித் தேவையையும் குறைப்பது. மூன்றாவது, பட்டினியால் வரும் கேடுகளைத் தடுக்கும் பொருட்களைச் சேர்ப்பது.

கால்சியத்தையும் அவர் மறக்கவில்லை. கால்சியமே இல்லாத கரைசலை இதயத்துக்குள் செலுத்திவிட்டுப் பிறகு கால்சியம் உள்ள கரைசலைக் கொடுத்தால், செல்கள் மொத்தமாகச் சிதைந்துபோகும் என்பதை 1966இல் சிம்மர்மன், ஹுல்ஸ்மன் என்ற இரு டச்சு ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அதனால் செயின்ட் தாமஸ் கரைசலில் கொஞ்சம் கால்சியம் நிலைத்தது. பின்னர் நிலைபெற்ற வடிவத்தில் பொட்டாசியம் 16 மில்லிமோல், மக்னீசியம் 16 மில்லிமோல், கால்சியம் 1.2 மில்லிமோல். அதே மருத்துவமனையின் அறுவை மருத்துவர் மார்க் பிரெயிம்பிரிட்ஜ் 1975இல் இந்த வகைக் கரைசலை நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்.

இதன் பலனை எண்களில் பார்த்தால் வியப்பாக இருக்கும். பக்பர்க்கின் அளவீடுகளின்படி, வேலை செய்யும் இதயத் தசை 100 கிராமுக்கு நிமிடத்துக்கு சுமார் 8 முதல் 10 மில்லி லிட்டர் ஆக்சிஜன் கேட்கிறது. இயந்திரம் வேலையை ஏற்றுக்கொண்டு, வெறுமனே துடிக்கும்போது 5.6. நடுங்கும்போது 6.5. பொட்டாசியத்தால் நிறுத்திவிட்டால், உடல் வெப்பத்திலேயே 1.1. நிறுத்தி, 22 டிகிரிக்குக் குளிரவும் வைத்தால் 0.3. வரவு நின்றுபோன வீட்டில் முதலில் செய்ய வேண்டியது செலவைக் குறைப்பதுதானே! அதில் பெரும்பங்கைச் செய்வது நிறுத்தம். குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

அரங்குக்குள் ஒரு மணி நேரம்

இன்று ஒரு பைபாஸ் அரங்கில் இது எப்படி நடக்கிறது?

மார்பெலும்பு திறந்தாயிற்று. ரத்தம் உறையாமல் ஹெபரின் கொடுத்தாயிற்று. குழாய்கள் பொருத்தி, பெர்ஃப்யூஷனிஸ்ட் இயந்திரத்தை முழு வேகத்துக்கு ஏற்றுகிறார். அறுவை மருத்துவர் மகாதமனியின் குறுக்கே கிளாம்பைப் பூட்டுகிறார். அந்த நிமிடம் முதல் நேரம் குறிக்கப்படுகிறது. மகாதமனியின் அடியில் முன்பே செருகிய ஊசி வழியாகக் இதயத்தை நிறுத்தும் ‘கார்டியோபிளீஜியா’ கரைசல் குளிர்ந்த நிலையில் இறங்குகிறது. திரையில் ஈசிஜி கோட்டைப் பாருங்கள். கூர்மையான முனைகள் முதலில் அகலமாகின்றன, துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி நீள்கிறது, பிறகு கோடு நேராகிறது. திமிறிக்கொண்டிருந்த இதயம் துவண்டு, கையில் எடுத்தால் சொன்னபடி திரும்புகிறது. அதைப் புரட்டி, ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தமனியில் சிறு கீறல் போட்டு, மயிரைவிட மெல்லிய நூலில் மாற்றுக்குழாயைத் தைக்கிறார்கள். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் கரைசல். எல்லாத் தையலும் முடிந்து கிளாம்பை எடுத்ததும் சூடான ரத்தம் பாய்கிறது. இதயம் நடுங்கும், சில நேரம் சிறு மின்னதிர்ச்சி தேவைப்படும், பிறகு தாளம் பிடித்துக்கொள்ளும்.

பைபாஸில் மட்டுமே உள்ள ஒரு வில்லங்கம் இங்கே ஒளிந்திருக்கிறது. கரைசல் போக வேண்டிய வழியே அடைபட்ட தமனி. நல்ல பகுதிக்கு நிறையப் போகும். காப்பாற்ற வேண்டிய பகுதிக்குக் குறைவாகத்தான் போகும். இதற்கு இரண்டு மாற்றுகள் வந்தன. தைத்து முடித்த குழாய் வழியாகவே அடுத்த தவணைக் கரைசலைச் செலுத்துவது ஒன்று. மற்றது பின்வாசல். இதயத் தசையில் ஓடிய ரத்தம் கொரோனரி சைனஸ் என்ற பெரிய சிரை வழியாக வெளியேறுகிறது. சிரைகளில் கொழுப்பு அடைப்பு இருப்பதில்லை. அங்கிருந்து எதிர்த்திசையில் கரைசலை அனுப்பினால், அடைப்புக்கு அப்பாலும் சென்றுவிடும். மினசோட்டாவில் வால்டன் லில்லஹை 1956லேயே, வால்வு அறுவையில், இந்தப் பின்வாசலைத் தட்டிப் பார்த்தவர். வலது கீழறைக்கு இந்த வழியில் சரியாகப் போவதில்லை என்ற குறை இருப்பதால், பல அரங்குகளில் இரு வழியும் சேர்ந்தே புழங்குகின்றன.

பக்பர்க் இன்னொரு திருப்பத்தையும் தந்தார். வெறும் உப்பு நீருக்குப் பதிலாக, நோயாளியின் ரத்தத்திலேயே பொட்டாசியத்தைக் கலந்து செலுத்தினால் என்ன? ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து வரும், அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். 1970களின் பிற்பகுதியில் அவரது குழு உருவாக்கிய ‘ரத்தக் கார்டியோபிளீஜியா’வில், நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு கரைசல் என்பது வழக்கமான விகிதம். சேதம் பட்டினியில் மட்டுமல்ல, பட்டினிக்குப் பிறகு ரத்தம் திடீரென்று பாயும்போதும் நிகழ்கிறது என்பதையும் பக்பர்க் வலியுறுத்தினார். கிளாம்பை எடுப்பதற்குச் சற்று முன்பு வெதுவெதுப்பான ரத்தக் கரைசலை ஒரு தவணை கொடுக்கும் பழக்கம் அதிலிருந்து வந்தது.

நிறுத்தினாலே பெரும்பகுதி சேமிப்பு என்றால், குளிரே எதற்கு? டொராண்டோவில் சலர்னோவும் லிக்டன்ஸ்டைனும் 1980களின் இறுதியில் இந்தக் கேள்வியைக் கேட்டு, உடல் வெப்பத்திலேயே ரத்தக் கார்டியோபிளீஜியாவைச் செலுத்தினார்கள். நாற்பதாண்டுகளுக்கு முன் வில்பிரெட் பிக்லோ, நாய்களைக் குளிரவைத்து இதய அறுவைக்கு வழி காட்டிய அதே ஊரில்! 1994இல் வெளிவந்த, 1732 பேரைக் கொண்ட டொராண்டோ ஆய்வில், இறப்பு சூட்டு முறையில் 1.4 சதவீதம், குளிர் முறையில் 2.5 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கக்கூடியது. ஆனால் இதயம் பலவீனமாக எழுவது சூட்டு முறையில் குறைவு. அதே ஆண்டு அட்லாண்டாவிலிருந்து வந்த ஆய்வோ, நரம்பியல் சிக்கல்கள் சூட்டில் 4.5 சதவீதம், குளிரில் 1.4 சதவீதம் என்று எச்சரித்தது. இதயத்துக்கு எது நல்லது என்று தேடும்போது மூளையையும் மறக்கக்கூடாது என்ற பாடம் அது. இன்று பல அரங்குகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன.

பெட்ரோ டெல் நிடோ, 1990களில் பிட்ஸ்பர்க்கில் குழந்தைகளின் இதயத்துக்காக உருவாக்கிய, லிடோகேன் கலந்த கரைசல் இப்போது பெரியவர்களுக்கும் வந்துவிட்டது. ஒரே தவணை, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தையலை நிறுத்த வேண்டாம் என்பதால் அறுவை மருத்துவர்களுக்கு அதன்மேல் ஒரு பிரியம்.

நம் ஊருக்கும் இதில் ஓர் ஆண்டு பொதுவானது. செயின்ட் தாமஸில் புதிய கரைசல் நோயாளிகளைத் தொட்ட அதே 1975இல்தான், சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று தமிழ்நாட்டின் இதய அரங்குகளில் செயின்ட் தாமஸும் டெல் நிடோவும் அன்றாடம் புழங்கும் பெயர்கள். மெல்ரோஸின் பெயர் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது.

அது நியாயமில்லை. 1955இல் அவர் சொன்னதில் கருத்து சரி, இடம் சரி, செலுத்தும் வழி சரி. அளவும் துணை உப்பும் மட்டுமே தவறு. அந்தத் தவறைத் திருத்தாமல் கருத்தையே தூக்கி எறிந்ததற்கு, பைபாஸின் முதல் தலைமுறை நோயாளிகளில் சிலர் உயிரால் விலை கொடுத்தார்கள். இன்று உலகெங்கும் இதயங்களை நிறுத்தும் கரைசல்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது அதே பொட்டாசியம்தான். அளவு மட்டும் மெல்ரோஸ் போட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

(தொடரும்)

அடுத்த வாரம்: இதயத்தை நிறுத்தாமலே பைபாஸ் செய்யத் துணிந்தவர்கள். லெனின்கிராடு, 1964.